தோற்றம் என்று ஒரு கட்டம்

போன மாதம் ஒரு மத்தியானம் ஷாலினி போன் பண்ணினாள். நான் ரிட்டயர் ஆன பிறகு என் வேலைக்கு வந்தவள். ஆபீசில் பழைய ரிஜிஸ்டர்களை எல்லாம் ஸ்கேன் பண்ணிக் கம்ப்யூட்டரில் ஏற்றுகிறார்களாம்.

"அக்கா, ஒவ்வொருத்தர் பேருக்கு நேரா ஏதோ ஒரு இங்கிலீஷ் வார்த்தை இருக்கு. வின்சம்னு ஒன்னு, பான்னின்னு ஒன்னு. போன்ல தேடிப் பாத்தா எல்லாத்துக்கும் அழகுன்னுதான் வருது. செத்துப் போனவங்களுக்கு எதுக்குக்கா இந்த வார்த்தை எல்லாம்? ஏத்தறதா விட்டுடறதான்னு கேக்கறாங்க. நீங்களே எழுதிக் குடுத்துடுங்க."

சரி என்று சொல்லிவிட்டேன். சொல்லி ஒரு மாதம் ஆகிவிட்டது. எழுத உட்கார்ந்தால் கை ஓடவில்லை. அந்த வார்த்தைகளுக்கு அர்த்தம் மட்டும் எழுதினால் ஒரு பக்கத்தில் முடிந்துவிடும். அதில் ஒரு வார்த்தைக்காக நான் கோர்ட்டில் நின்றேன். அதைச் சொல்லாமல் மற்றதைச் சொல்ல முடியாது.

பெங்களூர் கன்டோன்மென்ட் பக்கம் ஒரு நிறுவனத்தில் இருபத்தெட்டு வருஷம் வேலை பார்த்தேன். போர்டில் ஃபியூனரல் சர்வீஸ் என்று இருக்கும். ஆஸ்டின் டவுனில் எங்கள் தெருக்காரர்கள் சவப்பெட்டிக் கடை என்பார்கள். இறந்துபோன பெண்களைக் கழுவி, உடுத்தி, முகத்தைச் சரி பண்ணிப் பெட்டியில் வைப்பது என் வேலை. ஆண்களுக்கு வேறு ஆட்கள்.

நான் கோலார் தங்கவயலில் பிறந்தவள். அப்பா சுரங்கத்தில் இருந்தார். பௌத்தக் குடும்பம். கல்யாணமாகிப் பெங்களூர் வந்து, பீன்யாவில் ஒரு கார்மென்ட்ஸில் காலர் தைத்துக்கொண்டிருந்தேன். அந்தக் கம்பெனி மூடியபோது முப்பது வயது. பெண் ஆள் தேவை என்று கேள்விப்பட்டு இங்கே போனேன். முதல் இரண்டு மாதத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. தினமும் வாந்தி எடுத்தேன். பிறகு நின்றுவிட்டது.

எங்கள் மேலதிகாரி ஐசக் சார். ரிச்சர்ட்ஸ் டவுனில் மூன்று தலைமுறையாக இருக்கும் தமிழ்க் கிறிஸ்தவக் குடும்பம். ஒல்லியான ஆள், சத்தம் போட்டுப் பேச மாட்டார். எந்த வெயிலிலும் கோட்டுப் போட்டிருப்பார். நான் ஒரு உடலைத் தயார் பண்ணி முடித்துவிட்டுச் சொன்னால், கோட்டின் பொத்தானைப் போட்டுக்கொண்டு உள்ளே வருவார். கால்மாட்டில் நிற்பார். இறந்தவரின் பெயரைச் சொல்லி, "குட் மார்னிங், மிஸஸ் தாமஸ்" என்பார். முதல் தடவை கேட்டபோது எனக்குத் தூக்கிப் போட்டது. ஒரு நிமிஷம் பார்ப்பார். ஏதாவது சரியில்லை என்றால் விரலை நீட்டிக் காட்ட மாட்டார். "சுசீலா, இவங்க வகிடு இடது பக்கமா?" என்று கேட்பார். நான் போட்டோவைப் பார்த்தால் இடது பக்கமாகத்தான் இருக்கும். நான் வலது பக்கம் எடுத்திருப்பேன்.

போட்டோ இல்லாமல் வேலையைத் தொடங்கக் கூடாது என்பது அவருடைய சட்டம். அதுவும் கல்யாண போட்டோ கூடாது. வீட்டில், சமையலறையில், ஏதாவது விசேஷத்தில் மூலையில் நிற்பது போல எடுத்தது வேண்டும். கண்ணாடி போடுவார்களா, பொட்டு வைப்பார்களா, தலைக்கு எண்ணெய் வைப்பார்களா என்று வீட்டுக்காரர்களிடம் கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும். வெதுவெதுப்பான தண்ணீரில் கழுவ வேண்டும். குளிர்ந்துபோன தோலில் பவுடர் நிற்காது, திட்டுத் திட்டாக வரும். அதனால் முதலில் கிரீம், அது ஊறும்வரை காத்திருந்து பிறகு பவுடர். உதட்டுக்கு வாசலின். லிப்ஸ்டிக் போடுகிறவர்களாக இருந்தால் மட்டும் லிப்ஸ்டிக். ட்யூப் லைட் வெளிச்சத்தில் சரியாகத் தெரிவது வெளியே பச்சையாகத் தெரியும். அதனால் தள்ளுவண்டியை ஜன்னலண்டை கொண்டுபோய் ஒரு தடவை பார்க்க வேண்டும்.

"அலங்காரம் பண்ணாதே" என்பார். "மூஞ்சி கழுவிட்டு வந்து உக்காந்த மாதிரி இருந்தா போதும்."

எல்லாம் முடிந்த பிறகு ரிஜிஸ்டர். நீளமான, தோல் அட்டை போட்ட புத்தகம். பெயர், வயது, உடல் வந்த தேதி, கொண்டுவந்தவர், சர்ட்டிபிகேட், உடுத்திய ஆளின் கையெழுத்து, குடும்பத்தாரின் கையெழுத்து என்று கட்டங்கள் இருக்கும். நடுவில் ஒரு கட்டத்துக்கு மேலே தோற்றம் என்பதற்கான இங்கிலீஷ் வார்த்தை அச்சடித்திருக்கும். வெள்ளைக்காரன் காலத்தில் அச்சடித்த மாதிரியையே திரும்பத் திரும்ப அச்சடித்துக்கொண்டிருந்தார்கள். அவருக்கு முன்னால் இருந்தவர்கள் அதில் நன்று என்று எழுதிவிட்டுப் போய்விடுவார்களாம். ஐசக் சாரால் அப்படி முடியவில்லை. ஒரு மனுஷிக்கும் இன்னொரு மனுஷிக்கும் ஒரே வார்த்தை போடுவதற்கு நாம் எதற்கு என்று கேட்பார். அவர் போகும் கோயிலில் காலை ஆராதனை பழைய இங்கிலீஷில் நடக்கும். வீட்டில் அவருடைய அம்மாவும் அப்படித்தான் பேசுவாராம். அந்த வார்த்தைகளை எல்லாம் இந்தக் கட்டத்தில் எழுதினார்.

நான் தமிழ் மீடியம். அந்த வார்த்தைகளுக்கு அர்த்தம் கேட்டுக் கேட்டுத்தான் எனக்கு இங்கிலீஷே வந்தது. பான்னி என்றால் சின்னக் குழந்தை, கன்னமும் கையும் புசுபுசு என்று இருப்பது. அந்த வார்த்தையை எழுதும் நாளில் அவர் மத்தியானம் சாப்பிட மாட்டார். வின்சம் என்றால் பார்த்த உடனே நமக்கும் ஒரு சிரிப்பு வருமே, அந்த முகம். ஹேண்ட்சம் என்பது ஆம்பளைகளுக்குத்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். வயசான, நிமிர்ந்து நடந்த பெண்களுக்கு அவர் அதைத்தான் எழுதுவார். ஸீம்லி என்பது விபத்தில் வருகிறவர்களுக்கு. நம்மால் ஆனது இவ்வளவுதான், பார்ப்பவர்கள் பயப்படாமல் பார்க்கலாம் என்று அர்த்தம். கம்லி என்ற வார்த்தைக்கு அவரால் உடனே சொல்ல முடியவில்லை. கொஞ்சம் யோசித்துவிட்டு, "பெரிய அழகின்னு இல்ல. எல்லாம் அதது இருக்க வேண்டிய இடத்துல இருக்கு. பாத்தா மனசு உக்காந்துடும்" என்றார். லட்சணம் என்று நான் சொன்னேன். "அதேதான்" என்றார்.

ஃபேர் என்ற வார்த்தையையும் ஒரு காலத்தில் எழுதினார். ஆஸ்டின் டவுனிலிருந்து ஒரு அம்மா வந்தார்கள். நல்ல கறுப்பு. எழுபது வயதிலும் தோலில் சுருக்கம் இல்லை. சார் ஃபேர் என்று எழுதினார். கையெழுத்துப் போட வந்த மகள் அதைப் பார்த்துவிட்டு, "எங்கம்மாவ உயிரோட இருந்தப்பதான் கறுப்பி கறுப்பின்னு கிண்டல் பண்ணாங்க. இப்பவுமா?" என்று கேட்டாள். சார் முகம் செத்துவிட்டது. பழைய இங்கிலீஷில் அதற்கு அழகு என்றுதான் அர்த்தம், நிறம் இல்லை என்று சொன்னார். அவள் காதில் ஏறவில்லை. ஏறாததில் தப்பும் இல்லை. அந்த வார்த்தையை ஒரு கோடு போட்டு அடித்துவிட்டு, மேலே ஹேண்ட்சம் என்று எழுதினார். அதற்குப் பிறகு ஃபேர் என்று அவர் யாருக்கும் எழுதவில்லை.

அவருக்கு இன்னொரு சட்டமும் இருந்தது. ஒருவருக்கு ஒரு வரிதான். எத்தனை நாள் ஃப்ரீசரில் வைத்திருந்தாலும், வெளிநாட்டிலிருந்து பிள்ளைகள் வரும்வரை காத்திருந்தாலும், ரிஜிஸ்டரில் அந்த ஆளுக்கு ஒரே வரி. உடல் வந்த அன்று பெயரும் தேதியும் எழுதப்படும். மற்ற கட்டங்கள் வேலை முடிந்த பிறகு நிரப்பப்படும். ஒரு மனுஷனை இரண்டு வரியாக்கக் கூடாது என்பார். நல்ல எண்ணம்தான். யாருக்கும் அதனால் கெடுதல் வரும் என்று தோன்றவில்லை.

நிர்மலா வந்து பதினைந்து வருஷம் இருக்கும். இருபத்தாறு வயது. கல்யாணமாகி மூன்று வருஷம். காலை பத்து மணி சுமாருக்குக் கொண்டுவந்தார்கள். புருஷன் எட்வின், அவனுடைய அண்ணன், அண்ணி. எட்வின் பீன்யாவில் ஒரு ஃபேக்டரியில் சூப்பர்வைசர். ஒரு சின்ன நர்சிங் ஹோம் டாக்டரின் சர்ட்டிபிகேட் இருந்தது. இதயம் நின்று மரணம் என்று போட்டிருந்தது. நிர்மலாவின் அம்மா தங்கவயலிலிருந்து வந்துகொண்டிருக்கிறார், வந்து முகத்தைப் பார்த்ததும் பெட்டியை மூடிவிடலாம், சாயங்காலமே அடக்கம் என்றார்கள்.

அண்ணிதான் துணிப்பையைக் கொடுத்தாள். வெள்ளைப் பட்டுப் புடவை, கழுத்தை மூடும் காலர் வைத்த ரவிக்கை. வெயில் காலம். தையல் வேலை பார்த்தவள் என்பதால் எனக்கு அந்த ரவிக்கை உறுத்தியது. காலரில் இன்னும் சாக்பீஸ் கோடு போகவில்லை. இதற்கென்றே அவசரமாகத் தைத்து வாங்கியது.

"முகத்துக்கு நல்லா பவுடர் போட்டுருங்க" என்றாள். "கழுத்து வரைக்கும்."

கழுவும்போது பார்த்தேன். இடது காதுக்குக் கீழே, தாடை எலும்பை ஒட்டி நாலு நீல அடையாளம், சாய்வாக. வலது பக்கம் ஒன்று, கொஞ்சம் அகலமாக. இமையைத் தூக்கிப் பார்த்தேன். உள்ளே சிவப்புப் புள்ளிகள், ஊசியால் குத்தியது போல. அதற்குள் பதிமூன்று வருஷ அனுபவம் இருந்தது. தூக்குப் போட்டுக்கொண்டவர்களை உடுத்தியிருக்கிறேன். அந்த அடையாளம் வேறு.

வெளியே போய், "சார், ஸ்வல்ப உள்ள வாங்க" என்றேன்.

அவர் ஜன்னல் வெளிச்சத்தில் குனிந்து பார்த்தார். கையைப் பின்னால் கட்டிக்கொண்டுதான் பார்த்தார்.

"எங்கெல்லாம் கை வெச்ச, சுசீலா?"

"முகம், கை, கால். தலையத் தூக்கி அடியில கட்டை வெச்சேன் சார். தாடை இன்னும் கட்டல."

"இதுக்கு மேல தொடாதே."

துணியை இழுத்துக் கழுத்துவரை மூடினார். அந்த அறையில் இருந்த ஸ்டூலில் உட்கார்ந்தார். அவர் அதில் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. கொஞ்ச நேரம் கழித்து எழுந்து, ஆபீஸ் கதவைச் சாத்திக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போன் பண்ணினார். பிறகு எட்வினுக்கு எதிரே வந்து உட்கார்ந்தார்.

"மிஸ்டர் எட்வின், இன்னிக்கு எங்களால வேலைய முடிக்க முடியாது. போலீசுக்குச் சொல்லியிருக்கேன். அவங்க வர்ற வரைக்கும் நீங்க இங்க இருக்கலாம். காபி சொல்றேன்."

"என்ன சார் பேசறீங்க? டாக்டரே சர்ட்டிபிகேட் குடுத்திருக்காரு."

"ஆமா. அதையும் அவங்ககிட்ட காட்டுங்க."

அண்ணன் சத்தம் போட்டான். வேறு இடத்துக்கு உடலை எடுத்துப் போகிறோம் என்றான். சார் வாசற்கதவுக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டார். அவ்வளவுதான் செய்தார். அறுபத்திரண்டு வயது ஒல்லி மனுஷனைத் தள்ளிவிட்டுப் போக அவர்களுக்குத் தைரியம் வரவில்லை. எட்வின் மட்டும் காபியைக் குடித்தான்.

இன்ஸ்பெக்டர் வந்து என்னைப் பார்த்து, "ஏனம்மா, நீவு நோடித்ரா?" என்று கன்னடத்தில் கேட்டார். நான்தான் பார்த்தேன் என்று சொன்னேன். கல்யாணமாகி ஏழு வருஷம் ஆகாததால் சட்டப்படி தாசில்தாரும் வர வேண்டும் என்று காத்திருந்தார்கள். உடலை அரசு ஆஸ்பத்திரிக்கு ஏற்றும் நேரத்தில் நிர்மலாவின் அம்மா லூர்தம்மா ஆட்டோவில் வந்து இறங்கினார். மகளைப் பார்க்க விடவில்லை. எல்லாம் முடிந்து நாளைக்குத்தான் என்றார்கள். அவர் யாரையும் திட்டவில்லை, கத்தவில்லை. வண்டி போன பிறகும் கேட்டண்டையே நின்றார். நான் தண்ணீர் கொடுத்தேன். வாங்கிக் குடித்துவிட்டு, "நீதான் கண்டுபிடிச்சியாமே" என்று மட்டும் சொன்னார்.

மறுநாள் மத்தியானம் போஸ்ட்மார்ட்டம் முடிந்து நிர்மலா எங்களிடமே திரும்பி வந்தாள். லூர்தம்மா கேட்டுக்கொண்டாராம், வேறு யார் கையும் படவேண்டாம் என்று. தங்கவயலுக்கு எடுத்துப்போய் அப்பா பக்கத்தில் அடக்கம் பண்ணப் போவதாகச் சொன்னார்.

போஸ்ட்மார்ட்டம் ஆன உடலைச் சரி பண்ணுவது சாதாரண வேலை இல்லை. தலையில் காதிலிருந்து காதுக்குத் தையல். கழுத்திலிருந்து வயிறுவரை தையல். கழுத்தைத் திறந்து பார்த்திருந்தார்கள். அதில் அந்த அடையாளங்கள் இன்னும் கறுத்துப் போயிருந்தன. லூர்தம்மா நீல நிறத்தில் ஒரு சாதாரணப் பட்டுப் புடவையும், வழக்கமான கழுத்து வைத்த ரவிக்கையும் கொண்டுவந்திருந்தார். ஒரு போட்டோவும் தந்தார். கிறிஸ்துமஸுக்கு வீட்டு வாசலில் நட்சத்திரம் கட்டும்போது எடுத்தது. நிர்மலா ஸ்டூல் மேல் நின்றுகொண்டு திரும்பிப் பார்க்கிறாள்.

"ஊர்ல எல்லாரும் வருவாங்க, கண்ணு" என்றார். "அவ கழுத்துல எதுவும் தெரியாம பண்ணிடு. என் பொண்ணு என் பொண்ணா இருக்கணும்."

மூன்று மணி நேரம் ஆனது. தலைத் தையலை மறைக்கத் தலைமுடியை முன்னால் வாரிக் கொண்டைபோட்டேன். கழுத்தில் கிரீம் மூன்று தடவை, ஒவ்வொன்றும் ஊறக் காத்திருந்து. புடவைத் தலைப்பைத் தோளில் கொஞ்சம் உயர்த்திக் குத்தினேன். ஜன்னலண்டை தள்ளிக்கொண்டு போய்ப் பார்த்தபோது, ஸ்டூலில் நின்ற அந்தப் பெண் அந்த முகத்தில் இருந்தாள்.

ஐசக் சார் கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டு வந்தார். "குட் ஆஃப்டர்நூன், நிர்மலா" என்றார். வழக்கத்தைவிட அதிக நேரம் நின்றார். ரிஜிஸ்டரை எடுத்துக்கொண்டு வந்து முந்தின நாள் எழுதிய வரியைத் திறந்தார்.

"ஸீம்லியா சார்?" என்று கேட்டேன். போஸ்ட்மார்ட்டம் ஆனவர்களுக்கு அதுதான் வழக்கம்.

"இல்ல" என்றார். "கம்லி. அந்தப் பொண்ணுக்கு அவ்வளவாவது எழுதணும்."

எழுதினார். நான் கையெழுத்துப் போட்டேன். லூர்தம்மா கையெழுத்துப் போட வந்தபோது, அது என்ன வார்த்தை என்று கேட்டார். லட்சணமா இருக்கான்னு எழுதியிருக்கார் என்றேன். அவர் அந்த வார்த்தை மேல் விரலை வைத்துக் கொஞ்ச நேரம் எடுக்கவில்லை. பிறகு தமிழில் பெயரை எழுதினார்.

கேஸ் விசாரணைக்கு வர நாலு வருஷம் ஆனது. அதற்குள் ஐசக் சார் போய்ச் சேர்ந்துவிட்டார். சர்க்கரை, பிறகு கிட்னி. ஸ்டேஷனுக்கு அவர் போனில்தான் சொன்னார். சந்தேகமான மரணம் என்று தகவல் வந்ததாக அவர்கள் ஒரு வரி எழுதியிருந்தார்கள். கழுத்து அடையாளத்தைப் பற்றி அதில் எதுவும் இல்லை. மாற்றலாகிப் போன இன்ஸ்பெக்டரும் தாசில்தாரும் நான் கழுவிய பிறகுதான் உடலைப் பார்த்தவர்கள். உடல் முதலில் வந்தபோது அடையாளத்தைப் பார்த்தவர்களில், கோர்ட்டில் அதை நேராகச் சொல்ல நான் ஒருத்திதான் மிச்சம்.

எட்வினுக்கு வந்த வக்கீல் மரியாதையான மனுஷர். என்னை அம்மா என்றுதான் கூப்பிட்டார். தமிழும் பேசினார். அந்த அடையாளங்கள் உயிரோடு இருந்தபோது வந்தவை இல்லை, எங்கள் அறையில் உடலைக் கையாண்டபோது வந்தவை என்பது அவருடைய வாதம். போஸ்ட்மார்ட்டம் டாக்டரும் அதை முழுசாக மறுக்க முடியாது என்று சொல்லியிருந்தார்.

"தலையைத் தூக்கினீங்களாம்மா?"

"தூக்கினேன்."

"எங்க பிடிச்சு?"

"பின்னங்கழுத்துல கை குடுத்து."

"கழுத்துல."

"பின்னால சார். அடையாளம் இருந்தது முன்னால."

அவர் தலையாட்டினார். பிறகு எங்கள் ரிஜிஸ்டரை எடுத்து வரச் சொன்னார். அடையாளச் சீட்டு வைத்த பக்கத்தைத் திறந்து என் முன்னால் வைத்தார்.

"இது யார் கையெழுத்து?"

"என்னோடது."

"எந்தத் தேதி போட்டிருக்கு?"

"உடம்பு வந்த தேதி."

"இந்த வார்த்தைக்கு அர்த்தம் தெரியுமா?"

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். தமிழ் மீடியம் என்று சொல்லியிருக்கலாம். யாரும் தப்பாக நினைத்திருக்க மாட்டார்கள்.

"தெரியும்" என்றேன். "லட்சணமா இருக்கிறது."

"கழுத்துல அஞ்சு விரல் பதிஞ்ச உடம்ப, அன்னிக்குப் பாத்துட்டு, லட்சணமா இருக்குன்னு கையெழுத்துப் போட்டீங்களா?"

"அது மறுநாள் எழுதினது சார். போஸ்ட்மார்ட்டம் முடிஞ்சு வந்த பிறகு."

"மறுநாள்னு எங்க இருக்கு?"

"இல்ல."

"ஏன் இல்ல?"

"எங்க சார் ஒருத்தருக்கு ஒரு வரிதான் எழுதுவார்."

"அவர் எங்க?"

"காலமாயிட்டார்."

மொழிபெயர்க்கிறவர் நான் சொன்னதை ஜட்ஜுக்குக் கன்னடத்தில் சொன்னார். லட்சணம் என்பதற்கு என்ன சொல்வது என்று தெரியாமல் சுந்தர என்று சொன்னார். அது இல்லை என்று எனக்குத் தெரியும். அதைத் திருத்த வாயைத் திறந்தேன். கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்லுங்கள் என்றார்கள். கடைசியில் வக்கீல் பக்கத்துக் கட்டத்தைக் காட்டினார். உடல் வந்தபோது கழுத்தில் எதுவும் இல்லை என்பதற்கு இதுவே சாட்சி, செத்துப் போன பெண்ணின் தாயாரே இதை ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்டிருக்கிறார் என்றார். நான் திரும்பிப் பார்க்கவில்லை. லூர்தம்மா பின்னால் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்.

ஸீம்லி என்று எழுதியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எனக்குத் தெரியாது. வக்கீல் அதற்கும் ஏதாவது சொல்லியிருப்பார். ஆனால் நான் அதைத்தானே கேட்டேன் என்ற நினைப்பு பல வருஷம் போகவில்லை. சார் மேல் கோபமும் வந்தது. செத்துப்போன மனுஷன் மேல் வரும் கோபத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது? அவர் இரக்கப்பட்டு எழுதினார். அன்றைக்கு அந்த அறையில் இருந்த யாரும் வேறு மாதிரி எழுதியிருக்க மாட்டோம்.

கொலைக் குற்றம் சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிரூபிக்கப்படவில்லை என்று தீர்ப்பு வந்தது. மனைவியைக் கொடுமைப்படுத்தியதற்கு மட்டும் எட்வினுக்குத் தண்டனை. விசாரணையின்போது உள்ளே இருந்த காலத்தைக் கழித்துவிட்டால் அதில் பெரிதாக மிச்சம் இல்லை. அப்பீல் போகலாம் என்றார்கள். போனார்களா என்று தெரியாது.

நான் மறுநாள் வேலைக்குப் போய், புதிய மேனேஜரிடம் ஒன்று மட்டும் சொன்னேன். தோற்றம் என்ற கட்டத்தில் வார்த்தை எழுதியிருந்தால் இனி கையெழுத்துப் போட மாட்டேன், என்ன செய்தேன், எந்தத் தேதியில் செய்தேன் என்று எழுதினால் போடுகிறேன் என்றேன். அவர் சரி என்றார். அவருக்கு அது ஒரு வேலை மிச்சம். ஷாலினி, அந்த வருஷத்துக்குப் பிறகு வருகிற புத்தகங்களில் அந்தக் கட்டம் காலியாக இருக்கும். மறந்துபோய் விட்டது இல்லை. காலியாகவே ஏற்றச் சொல். முன்னால் இருக்கிற வார்த்தைகளை இருக்கிறபடியே ஏற்றச் சொல். அடித்து எழுதியதைக்கூட.

தீர்ப்பு வந்த அன்று நடந்ததையும் எழுதிவிடுகிறேன்.

கோர்ட்டிலிருந்து லூர்தம்மாவும் நானும் ஒன்றாகத்தான் வெளியே வந்தோம். அவருக்குச் சாயங்காலம் தங்கவயலுக்குப் போகும் மாரிக்குப்பம் ட்ரெயினைப் பிடிக்க வேண்டும். ஸ்டேஷன் பஸ்ஸுக்கு நின்றோம். நான் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று வார்த்தை சேர்த்து வைத்திருந்தேன்.

"அம்மா, அந்த வார்த்தையாலதான்..." என்று ஆரம்பித்தேன்.

"அத விடு" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. களைப்பாகச் சொன்னார். "நாலு வருஷம் காத்திருந்து வந்தா, கோர்ட்டுல அந்த அடையாளத்த சென்டிமீட்டர் சென்டிமீட்டரா படிச்சாங்க. கன்னடத்துல படிச்சாங்க, இங்கிலீஷ்ல படிச்சாங்க. எனக்கு ஒன்னும் புரியல. ஆஸ்பத்திரியில காட்டல. நீயும் மூடிட்ட."

"நீங்கதாம்மா..."

"நான்தான் மூடச் சொன்னேன். இல்லங்கல. ஆனா பாத்துட்டு மூடச் சொல்லியிருக்கணும். பெத்தவ பாக்காம வேற யார் பாக்கறது?"

அவர் கைப்பையைத் தோளிலிருந்து எடுத்துத் தரையில் வைத்தார். புடவைத் தலைப்பைக் கழுத்திலிருந்து விலக்கினார்.

"எங்க இருந்துச்சுன்னு காட்டு."

பஸ் ஸ்டாப்பில் ஆட்கள் நின்றுகொண்டிருந்தார்கள். நான் அக்கம்பக்கம் பார்த்தேன். அவர் பார்க்கவில்லை. என் வலது கையை எடுத்து அவர் கழுத்தில் வைத்தேன். நாலு விரல் இடது பக்கம், தாடையை ஒட்டி, சாய்வாக. கட்டை விரல் வலது பக்கம். அழுத்தவில்லை. அவருடைய நாடி என் விரலுக்கடியில் அடித்துக்கொண்டிருந்தது. அவர் கண்ணை மூடவில்லை.

"இவ்ளோ கிட்டவா நின்னான்" என்றார்.

என் கையை அவரே எடுத்துவிட்டார். தலைப்பைச் சரி பண்ணிக்கொண்டார். பஸ் வந்தது. ஏறிப் போய்விட்டார். அதற்குப் பிறகு நான் அவரைப் பார்க்கவில்லை.

அந்த வாரத்திலிருந்து ஒரு பழக்கம் வைத்துக்கொண்டேன். அடி, தீ, விபத்து, எது என்றாலும், மூடுவதற்கு முன்னால் வெளியே போய் ரொம்ப நெருங்கின ஆள் யார் என்று விசாரிப்பேன். தனியாகக் கூப்பிட்டு, நான் வேலையை ஆரம்பிப்பதற்கு முன்னால் ஒரு தடவை பார்க்கிறீர்களா என்று கேட்பேன். என்னை ராட்சசியைப் பார்ப்பது போலப் பார்த்தவர்கள் உண்டு. ஒருத்தர் மேனேஜரிடம் புகார் கொடுத்தார். கிட்டத்தட்ட எல்லாருமே வேண்டாம் என்றுதான் சொன்னார்கள்.

மூன்று பேர் மட்டும் பார்க்கிறேன் என்றார்கள். மூன்று பேரும் அம்மாக்கள். அவர்களை உள்ளே விட்டுக் கதவைச் சாத்திவிட்டு நான் வெளியே நின்றேன். எவ்வளவு நேரம் என்று பார்க்கவில்லை. கிரீமும் பஞ்சும் கையில் இருந்தன. அவர்களாகக் கதவைத் திறந்து, சரி வா என்று சொன்ன பிறகுதான் உள்ளே போனேன்.